கையில் இருக்கும்வரை

எங்கள் துப்பாக்கிச் சந்தையில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒரு துப்பாக்கி ஒருவர் கையில் இருக்கும்வரை பேரம் அவருடையது. பக்கத்தில் நிற்பவன் உயிரே போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. விலை கேட்கக் கூடாது, விற்பவனிடம் கண்ஜாடைகூடக் காட்டக் கூடாது. கையில் வைத்திருப்பவர் அதை மேசையில் வைத்துவிட்டால் அந்த நொடியே அது பொது. யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு. ஆனால் அடுத்தவர் கையில் இருக்கும் துப்பாக்கியைத் தொடுவது மட்டும் நினைத்துப் பார்க்கவே கூடாத காரியம். ஊருக்கு ஊர் சண்டை போட்டுக்கொள்கிற ஆட்கள்கூட இதில் ஒரே பேச்சு.

இந்தச் சட்டத்தை வைத்துத்தான் டெல்பர்ட் ராட்லிஃப் என்னை ஊர் சிரிக்க வைத்தான்.

சில வருடங்களுக்கு முன்னால், இதே கென்டக்கி மலையூரில், இதே கண்காட்சிக் கொட்டகையில், ஒரு குதிரைப்படைக் குட்டைத் துப்பாக்கி என் கையில் இருந்தது. விலை கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. அப்போது டெல்பர்ட் ஓடிவந்து, "வெர்னா, உன் வண்டில விளக்கு எரியுது, பாட்டரி போயிடும்" என்றான். எவ்வளவு அக்கறை! நான் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பனியில் ஓடினேன். விளக்கும் எரியவில்லை, ஒன்றும் எரியவில்லை. திரும்பி வந்தபோது எரிந்தது என் வயிறு மட்டும்தான். துப்பாக்கி அவன் கையில் இருந்தது. அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், கொட்டகையே கைதட்டியது. அன்றிலிருந்து யார் என்னைப் பார்த்தாலும் இதே நக்கல்தான். "என்ன வெர்னா, விளக்கை அணைச்சியா?"

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள் நான். வாயாடிப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். டெல்பர்ட் மாதிரி ஒருவனை இறக்கிவிட எனக்கு ஒரு நிறுத்தம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சேர்ப்பது ஒரே வகைத் துப்பாக்கி. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய எங்கள் உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காகச் செய்தவை. வாய்வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கிற நீளத் துப்பாக்கிகள். அரசாங்கத்துக்கு அவசரம் வந்தபோது தையல் இயந்திரம் செய்கிறவன், பூட்டு செய்கிறவன் என்று ஆளாளுக்கு ஒரே அச்சில் செய்து கொடுத்தார்கள். பட்டறைக்கு ஒன்றாக எல்லாவற்றையும் என் முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், எல்ம்ஃபோர்டைத் தவிர. கொஞ்சக் காலமே நடந்து எரிந்துபோன பட்டறை அது. அதற்கென்று அடித்த முளை சுவரில் காலியாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் "இங்க என்ன?" என்று கேட்டுக் கேட்டு எரிச்சலாகி, அதில் என் மழைக்கோட்டை மாட்டிவிட்டேன். ஆனாலும் தினமும் காலையில் காப்பியோடு அங்கே உட்காரும்போது என் கண் அந்த மழைக்கோட்டுக்குத்தான் போகும். சாவதற்குள் ஒரு எல்ம்ஃபோர்டு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு வேறு ஆசையே இல்லை.

இந்த வருடம், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வெளியே சேறும் பனியும் கலந்து கிடந்தன. கொட்டகைக்குள் தகரக் கூரைக்கடியில் கூட்டம் நெரிந்தது. மூலையில் மர்லீனும் மற்ற தேவாலயப் பெண்களும் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் ஆப்பிள் பையும் விற்றார்கள். நான் சூப்புக் கிண்ணத்தோடு அவர்கள் மேசையோரம் நின்றிருந்தபோது வாசலில் ஒருவன் நுழைந்தான்.

பெரிய உருவம், வேட்டைச் சட்டை, சின்னப்பிள்ளை முகம். சொந்தமாக மேசை போடாதவர்கள் செய்வதைப் போலவே வந்தான். நீளத் துப்பாக்கி தோளில். அதன் குழல் வாயில் ஒரு நீளக் குச்சி, குச்சி நுனியில் கொடி மாதிரி விலைச்சீட்டு. வாசலில் ஆர்லிஸ் நின்றான். ஓய்வுபெற்ற போலீஸ்காரன், உள்ளே வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து பார்த்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டி போட்டு இறுக்குவது அவன் வேலை.

"இதுக்கும் பட்டி போடணுமா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"இதுக்கு எதுக்கு? சட்டப்படி இது துப்பாக்கியே இல்ல தம்பி, பழம்பொருள். உள்ள போ" என்றான் ஆர்லிஸ்.

அவன் சொன்னது பொய்யில்லை. இவ்வளவு பழசான துப்பாக்கி எங்கள் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி இல்லை. நாற்காலி, கடிகாரம் மாதிரி ஒரு சாமான்.

நான் பார்த்தது வேறு. குதிரைக்கு, அதாவது கட்டைவிரலால் ஏற்றி அடிக்கவிடுகிற சுத்திக்கு, அடியில் இருக்கும் பூட்டுத் தகட்டின் பின்முனை. எல்லாப் பட்டறைக்காரனும் அதை உருட்டி முடிப்பான். எல்ம்ஃபோர்டுக்காரன் மட்டும் கூராக முடிப்பான். அத்தனை மேசைகளைத் தாண்டி அந்தக் கூர் என் கண்ணில் குத்தியது. கிண்ணத்தை வைத்துவிட்டு நடந்தேன். ஓடக் கூடாது. ஓடினால் விற்பவனுக்கு விலை ஏறிவிடும். கடைவீதியில் உலாவுவதுபோல் போனேன்.

எனக்கு முன்னால் பக்கத்துச் சந்திலிருந்து டெல்பர்ட் வெளிப்பட்டான்.

"கொஞ்சம் பாக்கலாமா தம்பி?"

"தாராளமா பாருங்க சார்."

துப்பாக்கி கைமாறியது. நான் இரண்டு எட்டு தள்ளி நின்றேன். அழுகை வந்தது. சந்தையில் நான் அழுததில்லை, அன்றும் அழவில்லை, ஆனால் வந்தது.

டெல்பர்ட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்ன வெர்னா, நடை பலமா இருக்கு? வண்டில விளக்கு எரியுதா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். டெல்பர்ட் தகட்டைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்தைப் படித்தான். அவன் புருவம் துள்ளியதை நான் பார்த்தேன். அவனுக்கு இந்தத் துப்பாக்கி மேல் ஆசை ஒன்றும் கிடையாது. டெக்சஸில் ஒரு எண்ணெய்ப் பணக்காரன் இருக்கிறான், அவனுக்குத் தள்ளிவிடுவான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் பேரு என்னப்பா?"

"ஹோல்டன் சார். ஹோல்டன் ப்ரூவர். இது எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து வீட்டுல இருக்கு. பண்ணைல பன்னி சுடறதுக்கு வச்சிருந்தாராம். அப்புறம் அடுப்படி சுவத்துல மாட்டிட்டாங்க. எங்க வீட்டுக்காரி அதுலதான் கைத்துண்டு காயப்போடுவா."

"கைத்துண்டா!" என்று டெல்பர்ட் நெஞ்சில் கைவைத்தான்.

"ஆனா தொடைக்கல சார். பழைய பொருளைத் தொடைச்சா விலை போயிடும்னு டிவில சொன்னாங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டாந்துட்டேன்."

"உனக்கு ரொம்ப நல்ல புத்தி."

அதுவும் பொய்யில்லை. எங்கள் ஆட்களுக்கு அழுக்குதான் சாமி. துரு, கறை, பச்சைக் களிம்பு எல்லாமே காசு. தேய்த்துப் பளபளக்க வைத்த பழைய துப்பாக்கியைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவோம். எனவே குதிரையின் மூக்குக்கு அடியில் அடர்ந்திருந்த பச்சைக் களிம்பைப் பார்த்தபோது எனக்கும் முதலில் ஆசைதான் கூடியது. எவ்வளவு அழகான பச்சை, யாரும் கைவைக்காத பச்சை என்று பெருமூச்சு விட்டேன்.

ஹோல்டன் குழலிலிருந்து விலைக் குச்சியை உருவினான். "இன்னொன்னு சொல்லிடறேன் சார், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது. அடியில எலி கூடு கட்டியிருக்கும் போல. குச்சி கடைசி வரைக்கும் போகல. டொக்குனு நின்னுடுது."

"எலியையும் சேத்துத்தான் விலையா?" என்றான் டெல்பர்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

எலி கூடு பஞ்சும் வைக்கோலும். குச்சியால் குத்தினால் அமுங்கும். டொக்கென்று நிற்காது. டொக்கென்று நிற்பது ஈயம்.

மறுபடி அந்தப் பச்சையைப் பார்த்தேன். இந்தத் துப்பாக்கிகளில் குதிரைக்கு அடியில் ஒரு சின்னக் காம்பு இருக்கும். சுடுவதற்கு முன் அந்தக் காம்பின் மேல் ஒரு செப்புத் தொப்பி மாட்டவேண்டும். பட்டாணி அளவு, உள்ளே வெடிமருந்து தடவியது. குதிரை அதன் தலையில் அடித்தால் நெருப்பு காம்பின் துளை வழியே குழலுக்குள் போகும். காம்பு இரும்பு, குதிரையும் இரும்பு. இரும்பு பழுப்பாகத் துருப்பிடிக்கும். பச்சை பிடிப்பது செம்புதான்.

கொள்ளுத்தாத்தா பன்றிக்காகக் கெட்டித்து, தொப்பியும் மாட்டி, பன்றி வராததால் அப்படியே சுவரில் தொங்கவிட்டுச் செத்துப்போயிருக்கிறார். அதன்மேல்தான் கைத்துண்டு காய்ந்திருக்கிறது. குழலின் வாய் இப்போது எங்கே பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். மர்லீன் குனிந்து ஒரு கிழவருக்கு சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பெரிய வரிசை.

"டெல்பர்ட்" என்றேன். "அதைக் கீழே வை. கெட்டிச்சிருக்கு."

அவன் திரும்பினான். முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். மூன்று நொடி என்னையே பார்த்துவிட்டு, கொட்டகைக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான்.

"கேட்டீங்களாப்பா? கீழே வைக்கணுமாம்! வெர்னாவோட விளக்கு இப்பதான் எரியுது!"

கொட்டகை அதிர்ந்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

"நான் விளையாடல. காம்புல தொப்பி இருக்கு. குச்சி டொக்குனு நிக்குதுன்னு அவனே சொன்னான்."

"எவ்ளோ நாளா இதை யோசிச்சே? உண்மையைச் சொல்லு. ராத்திரி தூக்கமே கிடையாதா?"

"சரி, உன் கையிலயே இருக்கட்டும். எனக்கு வேண்டாம். எல்லாரும் கேட்டுக்கங்க, எனக்கு இது வேண்டாம். நீயே வாங்கிக்க. குழலை மட்டும் மேல தூக்கு."

என் வாயால் இதைச் சொன்னேன். எல்ம்ஃபோர்டு வேண்டாம் என்று. சொல்லும்போது நாக்கு கசந்தது.

"அடேயப்பா! வேண்டாமாம்! கண்ணைப் பாருங்க, எச்சில் ஊறுது." அவன் துப்பாக்கியை இன்னும் இறுக்கிக்கொண்டான். "வெர்னா ஸ்டாம்பாக் வேண்டாம்னு சொன்னா அந்தத் துப்பாக்கி கண்டிப்பா நல்ல துப்பாக்கி."

"சார், கெட்டிச்சிருக்குன்னு..." என்று ஹோல்டன் இழுத்தான்.

"பயப்படாதே தம்பி. இந்தம்மாவுக்கு என்மேல ஒரு பழைய கணக்கு. இதோ பாரு, பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன்."

கட்டைவிரலைக் குதிரையின் தலையில் போட்டு இழுத்தான். நெற்று உடைவதுபோல் ஒரு சத்தம். பச்சைப் பொடி உதிர்ந்தது. குதிரை பாதி ஏறி ஒரு சொடுக்கு, முழுதாக ஏறி இன்னொரு சொடுக்கு. அந்தப் பழைய விற்சுருள் கொஞ்சம்கூடத் தளரவில்லை. காம்பின் மேல் பச்சைக் குமிழ் ஒன்று அப்படியே உட்கார்ந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவன் கண் என் மேல் இருந்தது. என் முகம் வெளுப்பதை ரசித்துக்கொண்டிருந்தான்.

ஆர்லிஸ் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். மர்லீனைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நிமிர்ந்து நேராகக் குழலுக்கு முன்னால் வருவாள்.

"என்ன, சத்தமே காணோம்?" என்றான் டெல்பர்ட். "ஏத்தினதை இறக்கணும்ல? மெதுவா, பூப்போல இறக்கறேன். அடுத்தவன் துப்பாக்கியை நான் வெறுமே டப்புனு சொடுக்க மாட்டேன்பா, எனக்கும் மரியாதை தெரியும்."

இறக்குவதென்றால் கட்டைவிரலால் குதிரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்த வேண்டும். அழுத்தியதும் சுருளின் முழு பலமும் கட்டைவிரலுக்கு வரும். டெல்பர்டின் கட்டைவிரல் மூட்டு வாதத்தால் வீங்கி எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. வீட்டில் அவனால் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியாது என்று அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். ஆள்காட்டி விரல் விசைக்குப் போயிற்று.

எங்கள் சந்தையில் அடுத்தவர் கையில் இருப்பதை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. அன்று தொட்டேன். பாய்ந்து, என் வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் குதிரைக்கும் காம்புக்கும் இடையில் திணித்தேன். அதே நேரத்தில் அவன் விரல் வழுக்கியது.

கதவிடுக்கில் கை நசுங்கினால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதுதான், ஆனால் கதவு திறக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றது. நான் போட்ட சத்தத்தில் கொட்டகையின் சிரிப்பு அறுந்துபோயிற்று.

"கையை எடு!" டெல்பர்ட் சிவந்துபோய்க் கத்தினான். "என் கையில இருக்கறதைத் தொடறியா? இவ்ளோ கேவலமா போயிட்டியா நீ?"

"இந்தம்மாவை வெளிய அனுப்புங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொருவன் என் தோளைப் பிடித்தான்.

"என்னை யாராவது இழுத்தீங்க, அங்க ஒரு பொணம் விழும்" என்றேன். தோளிலிருந்த கை விலகியது. "டெல்பர்ட், என்னைத் திட்டறதை அப்புறம் வச்சுக்க. குனிஞ்சு காம்பைப் பாரு. ஒரே ஒரு தடவை பாரு."

என் ரத்தம் வழிந்து அந்தப் பச்சையைக் கொஞ்சம் கழுவியிருந்தது. அடியில் செம்பு தெரிந்தது. வெடித்துமுடிந்த தொப்பி பூ மாதிரி விரிந்து கிழிந்திருக்கும். இது கிழியாமல், முழுசாக, காம்பை அணைத்துக்கொண்டிருந்தது. இதை டெல்பர்டுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என்ன இருந்தாலும் விஷயம் தெரிந்தவன்.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. "ஆண்டவரே" என்றான். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, குழல் பார்க்கும் திசையை அவனும் பார்த்தான். மர்லீன் கரண்டியோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா."

"அசையாதே."

"நான் உன்னை நம்பல."

"அது தெரியுது. இப்ப குழலை மேல தூக்கு, என்னோட சேர்ந்து. கை என்னோடது மாட்டிக்கிட்டிருக்கு, நீ வேகமா தூக்கினா கிழிஞ்சுடும்."

இருவரும் சேர்ந்து அதைக் கூரையைப் பார்க்கத் தூக்கினோம். கல்யாண நடனம் ஆடுகிறவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒட்டி நின்றோம். அவன் மூச்சில் வெங்காய வாடை அடித்தது. பிறகு நான் பேருந்துக் குரலை எடுத்தேன். "மர்லீன்! எல்லாரையும் பின்கதவு வழியா கூட்டிட்டுப் போ! ஓடாதீங்க, தள்ளாதீங்க, நடங்க!" பின்வரிசைப் பிள்ளைகளை உட்காரவைத்த குரல் அது. வரிசை அப்படியே திரும்பி நடந்தது. மேசைக்காரர்கள் எழுந்து சுவரோடு போனார்கள். ஆர்லிஸ் மட்டும் எங்களை நோக்கி வந்தான், சுண்ணாம்பு மாதிரி முகம்.

"நான் பாக்கலக்கா" என்றான். "பழம்பொருள்னு விட்டுட்டேன்."

"அழறதை அப்புறம் அழு. எண்ணெய் கொண்டா."

செய்யவேண்டியது எங்களுக்குத் தெரியும். அவன் குதிரையை மறுபடி ஏற்றவேண்டும். நான் கையை எடுக்கவேண்டும். அவன் அதைப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும், நான் தொப்பியைக் கழற்றும்வரை. நடுவில் அவன் விரல் இன்னொரு முறை வழுக்கினால், இடையில் கொடுக்க எனக்குக் கை இருக்காது.

"என்னால முடியாது வெர்னா. இந்த விரலைப் பாரு."

"ரெண்டு கட்டைவிரலையும் போடு. ஹோல்டன், நீ வந்து அடிக்கட்டையைப் பிடிச்சுக்க. டெல்பர்ட், விசைலேர்ந்து விரலை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"காட்டு."

காட்டினான். பிறகு இழுத்தான். அவன் பல் கடிபடுகிற சத்தம் கேட்டது. குதிரை என் சதையிலிருந்து பிய்ந்து எழுந்தது. கையை எடுத்தேன். சொடுக்கு விழுந்து குதிரை மேலே நின்றது, ஆனாலும் அவன் இரண்டு விரலையும் எடுக்கவில்லை. உள்ளே குதிரையைத் தாங்குகிற அந்தப் பழைய இரும்புப் பல்லை நம்பி எடுக்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்.

இடக்கை நகத்தால் தொப்பியை நெம்பினேன். அசையவில்லை. ஆர்லிஸ் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். மறுபடி நெம்பினேன். இடக்கையால் எனக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போட வராது.

"எவ்ளோ நேரம் தாங்குவே?" என்று கேட்டேன்.

"பேசாம எடு." அவன் நெற்றி வியர்வை என் கைமேல் விழுந்தது. "வெர்னா, விரல் மரத்துப்போகுது."

"என்னைக் கேலி பண்றதை இத்தனை வருஷம் விடாம பிடிச்சிருந்தியே, இதைப் பிடிக்க முடியலையா?"

அவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஒரு சத்தம் போட்டான். நகம் பிளந்தது. தொப்பி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. கழன்று, என் விரலில் நிற்காமல் கீழே விழுந்து, சிமென்ட் தரையில் உருண்டு, ஆர்லிஸின் பூட்ஸுக்கு அடியில் போய் நின்றது. அவன் தூக்கிய காலை வைக்காமல் அப்படியே ஒற்றைக் காலில் நின்றான். ஹோல்டன்தான் குனிந்து அதை ஒரு சூப்புக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டான்.

டெல்பர்ட் குதிரையை வெறுங்காம்பின்மேல் இறக்கினான். ஆர்லிஸ் இரும்புக் கெட்டிக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து குழலுக்குள் போட்டான். காலிக் குழலானால் மணி அடித்தமாதிரி கேட்கும். கேட்டது ஒரு டொப். காலியானால் வாய்வரை இறங்கியிருக்கவேண்டிய கம்பி கையளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ஹோல்டன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் பொண்ணு தினம் இதுக்குக் கீழே உட்காந்துதான் சாப்பிடுவா" என்றான். முகத்தை மூடிக்கொண்டான்.

ஆர்லிஸ் மர்லீனின் தண்ணீர்க் குடுவையை எடுத்துவந்து குழலுக்குள் கவிழ்த்தான். மருந்து நனையவேண்டும், சரிதான். ஆனாலும் "ஐயோ, துரு!" என்று நானும் டெல்பர்டும் ஒரே நேரத்தில் கத்தினோம். நாற்காலியில் உட்கார்ந்தேன். மர்லீன் திரும்பி வந்து, கைத்துண்டில் ஐஸைச் சுற்றி என் கையில் கட்டினாள்.

டெல்பர்ட் இன்னும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"சார், கீழே வைங்க" என்றான் ஆர்லிஸ். "வெளிய கொண்டுபோய்க் குண்டை எடுக்கணும்."

டெல்பர்ட் வைக்கவில்லை. எனக்கு உச்சிமுடி வரை சூடு ஏறிற்று. "இப்பவுமா? இப்பவும் பேரமா? என் கை போச்சு, இந்தப் பையன் குடும்பம் பொழச்சதே பெரிசு, உனக்கு டெக்சஸ்காரன் ஞாபகமா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"இல்ல வெர்னா." அவன் குரல் சின்னதாக இருந்தது. "விரல் வரமாட்டேங்குது."

எழுந்து போய்ப் பார்த்தேன். அவன் விரல்கள் கட்டையைச் சுற்றி இறுகி வெளுத்திருந்தன. அவன் விட நினைத்தான், கை கேட்கவில்லை. என் இடக்கையால் சுண்டுவிரலைப் பிரித்தேன். அடுத்ததைப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் பிரிக்கப் பிரிக்க அவன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. கடைசியாக அந்த வீங்கிய கட்டைவிரல். அதை மட்டும் மெதுவாகப் பிரித்தேன்.

மேசைமேல் துப்பாக்கி கிடந்தது. குழலிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. சுவரோரம் ஒதுங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். மேசையில் இருப்பது பொது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எனக்குப் பக்கத்திலேயே டெல்பர்ட் நின்றான், என்னைவிட அரை எட்டு முன்னால். அவன் கை இப்போது காலி.

"கெட்டிச்சிருக்குன்னு ஏன் கத்தினே?" என்றான் தரையைப் பார்த்து. "வண்டில விளக்கு எரியுதுன்னு சொல்லியிருந்தா அப்பவே கீழே வச்சிருப்பேன்."

"பொய் சொல்லாதே."

"ஆமா" என்றான். "வச்சிருக்க மாட்டேன்."

பிறகு இரண்டு கையையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டான். நல்ல துப்பாக்கி ஒன்று மேசையில் கிடக்கும்போது டெல்பர்ட் ராட்லிஃப் பைக்குள் கைவிட்டு நின்றதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கொட்டகையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

எல்ம்ஃபோர்டை நான் இடக்கையால் எடுத்தேன்.